மண்ணுக்கு வைத்தியம் பார்த்தவர்!

குட்டீஸ், வேர்க்கடலை பிடிக்காதவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? வறுத்துக் கொடுத்தாலும் சரி, அவித்துக் கொடுத்தாலும் சரி, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுத்தாலும் சரி, ஒரு கை பார்த்து விடுவீர்கள், இல்லையா?

அமெரிக்காவில் வேர்க்கடலை என்றாலே ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். வேர்க்கடலையில் இருந்து நூற்றுக்கணக்கான பொருட்களைச் செய்து காட்டியவர் என்று பாடப் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். ஆனால் அவர் கவலைப்பட்டது வேர்க்கடலையைப் பற்றி அல்ல, அது முளைக்கும் மண்ணைப் பற்றி! சத்து செத்துப்போன மண்ணுக்கும், அதை நம்பிப் பட்டினி கிடந்த ஏழைகளுக்கும் வைத்தியம் பார்த்தவர் அவர். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைமண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மோசஸ் கார்வர் என்ற விவசாயி இருந்தார். அவரிடம் மேரி என்ற கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தார். ஆடு மாடுகளைப்போல மனிதர்களையும் விலை கொடுத்து வாங்கி வேலை வாங்கிய காலம் அது. மேரியின் மகன்தான் ஜார்ஜ். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்? 1864ம் ஆண்டை ஒட்டிப் பிறந்திருக்கலாம் என்கிறார்கள். அப்பா, ஜார்ஜ் பிறப்பதற்கு முன்போ பிறந்த சமயத்திலோ ஒரு விபத்தில் இறந்து போனார்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்தது. ஒருநாள் இரவு கொள்ளைக் கூட்டம் ஒன்று பண்ணைக்குள் புகுந்து மேரியையும் கைக்குழந்தை ஜார்ஜையும் தூக்கிக் கொண்டு போய்விட்டது. அடிமைகளைத் திருடிப்போய் வேறு மாநிலத்தில் விற்பது அந்தக் கூட்டத்தின் தொழில். மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடினார். போனவர் குழந்தையோடு மட்டும்தான் திரும்பினார். கக்குவான் இருமலில் துவண்டு கிடந்த அந்தக் குழந்தையை மீட்டதற்குக் கூலியாக ஒரு குதிரையைக் கொடுத்தார்களாம். அம்மா என்ன ஆனார்? கடைசி வரை தெரியவே இல்லை.

போர் முடிந்தது, அடிமை முறையும் ஒழிந்தது. மோசசும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜிம் நல்ல திடகாத்திரமானவன்; வயல் வேலைக்குப் போனான். ஜார்ஜோ நோஞ்சான். இருமலால் குரல் கெட்டு, பெரியவன் ஆன பிறகும் கீச்சுக் குரலாகவே இருந்தது. அதனால் சூசன் அம்மா அவனை வீட்டோடு வைத்துக் கொண்டு சமையல், துணி துவைத்தல், தையல், பின்னல் எல்லாம் கற்றுக் கொடுத்தார். இதெல்லாம் பின்னால் அவனுக்குச் சோறு போடப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வேலை முடிந்ததும் ஜார்ஜ் காட்டுக்குள் ஓடி விடுவான். யாருக்கும் தெரியாமல் அங்கே ஒரு குட்டித் தோட்டம் வைத்திருந்தான். வாடிய செடிகளை எடுத்து வந்து மண்ணை மாற்றுவான், நிழலில் வைப்பான், வெயிலில் வைப்பான். செடி பிழைத்துக் கொள்ளும். விஷயம் மெல்ல வெளியே பரவ, அக்கம்பக்கத்தார் நோய் கண்ட ரோஜாச் செடிகளை எல்லாம் அவனிடம் தூக்கி வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பொடியன், ஊருக்கே செடி டாக்டர்!

பள்ளிக்கூடம் போகாததற்குக் காரணம் இருந்தது. பக்கத்திலேயே பள்ளி இருந்தது. ஆனால், அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி எட்டு மைல் தள்ளி நியோஷோ என்ற ஊரில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஜார்ஜ் தன்னந்தனியாக நடந்தே அந்த ஊருக்குப் போனான். இரவு தங்க இடம் இல்லாமல் ஒரு கொட்டகையில் படுத்துத் தூங்கினான். காலையில் அவனைப் பார்த்தது மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்ப்பவர் அவர், பிள்ளை இல்லாதவர். நீ யாரப்பா என்று கேட்டதற்கு, நான் கார்வருடைய ஜார்ஜ் என்று சொன்னான் அவன். அடிமைகள் அப்படித்தான் சொல்லிக் கொள்வது வழக்கம். இனிமேல் அப்படிச் சொல்லக்கூடாது, ஜார்ஜ் கார்வர் என்றே சொல்ல வேண்டும் என்று திருத்தினார் அந்த அம்மாள். இன்னொருவரின் உடைமையாக இருந்த பையன், அன்று முதல் பெயருள்ள ஆள் ஆனான்.

நடுவில் வந்த வாஷிங்டன் என்ன கதை என்று கேட்கிறீர்களா? பிறகு கன்சாஸ் மாநிலத்தில் அவர் தங்கியிருந்த ஊரில் இன்னொரு ஜார்ஜ் கார்வர் இருந்தார். இவருடைய கடிதங்கள் அவருக்குப் போயின. குழப்பம் தீர, தன் பெயருக்கு நடுவே ஆங்கில எழுத்து ஒன்றைச் சேர்த்துக் கொண்டார். அது வாஷிங்டனைக் குறிக்கிறதா என்று யாரோ கேட்கப் போய், அதுவே நிலைத்து விட்டது!

நியோஷோ பள்ளி ஆசிரியருக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்ச நாளில் தீர்ந்து போயிற்று. ஜார்ஜ் கன்சாசுக்குக் கிளம்பினார். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராக அலைந்தார். சமையல் செய்வார், துணி துவைத்து இஸ்திரி போடுவார், அந்தக் காசில் படிப்பார். ஒரு ஊரில் கறுப்பர் ஒருவரை வெறி பிடித்த கும்பல் அடித்துக் கொன்றதைக் கண்ணால் கண்டு நடுங்கிப்போய் அந்த ஊரை விட்டே போய்விட்டார். இன்னொரு ஊரில், ஹைலேண்ட் என்ற கல்லூரி இவருடைய மனுவைப் பார்த்துத் தபாலிலேயே இடம் கொடுத்தது. ஆசை ஆசையாக நேரில் போய் நின்றார். நிறத்தைப் பார்த்ததும் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பி விட்டார்கள்.

இன்னொருவராக இருந்தால் படிப்பே வேண்டாம் என்று போயிருப்பார். இவரும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தார். கன்சாசின் புல்வெளியில் நிலம் பிடித்து, மண் கட்டிகளை அடுக்கி வீடு கட்டி, மழை சரியாகப் பெய்யாத அந்தப் பூமியில் மக்காச்சோளம் பயிரிட்டுப் பார்த்தார். அப்புறம்தான் 1890ல் அயோவா மாநிலத்தில் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக் கொண்டது. என்ன படித்தார் தெரியுமா? ஓவியம்! அவர் வரைந்த கள்ளி போன்ற செடி ஒன்றின் ஓவியம் 1893ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி வரை போனது.

அவருடைய ஓவிய ஆசிரியை எட்டா பட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இந்த மாணவன் வரைவதெல்லாம் செடி கொடிகள்தான். அதுவும் ஒவ்வொரு நரம்பையும் விடாமல். ஆசிரியையின் அப்பா அயோவா விவசாயக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். படம் வரைந்து ஒரு கறுப்பர் பிழைப்பது கஷ்டம், விவசாயம் படி என்று எடுத்துச் சொல்லி அங்கே அனுப்பி வைத்தார். 1891ல் அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் கார்வர். சாப்பாட்டுக் கூடத்தில் மற்ற மாணவர்களோடு உட்கார முதலில் விடவில்லை. ஆனாலும் 1894ல் பட்டமும் 1896ல் முதுநிலைப் பட்டமும் வாங்கினார். செடிகளைத் தாக்கும் பூஞ்சைகளில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னத் துணுக்கு. அங்கே ஒரு பேராசிரியருக்கு ஆறு வயதில் ஒரு மகன் இருந்தான். கார்வர் செடிகளைத் தேடி நடக்கும்போது அந்தப் பொடியனையும் கூட்டிப் போய்ப் பூக்களைப் பிரித்துக் காட்டுவார். அந்தப் பையன்தான் ஹென்றி வாலஸ். பிற்காலத்தில் அமெரிக்காவின் விவசாய அமைச்சர். 1941 முதல் 1945 வரை துணை ஜனாதிபதி!

செத்துப்போன மண்

1896. அலபாமா மாநிலத்தில் இருந்து கார்வருக்கு ஒரு கடிதம் வந்தது. டஸ்கேகீ என்ற ஊரில் கறுப்பின மக்களுக்காகப் பள்ளி நடத்தி வந்த புக்கர் டி. வாஷிங்டன் எழுதியிருந்தார். அவரும் அடிமையாகப் பிறந்தவர்தான். எங்கள் மக்களுக்கு விவசாயம் கற்றுத்தர வாருங்கள் என்று அழைத்திருந்தார். அயோவாவிலேயே இருந்திருந்தால் கார்வருக்கு வசதியான வேலை, நல்ல ஆய்வுக்கூடம், நிம்மதியான வாழ்க்கை. அவர் கிளம்பி விட்டார்.

அயோவாவில் மண் கறுப்பாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். ரயில் தெற்கே போகப்போக எங்கு பார்த்தாலும் பருத்தி, பருத்தி, பருத்திதான். குடிசை வாசல் வரைக்கும் பருத்தி. காய்கறித் தோட்டம் என்று ஒன்றும் காணோம். செடிகளோ முழங்கால் உயரம்கூட வளராமல் சோகையாக நின்றன. சிவப்பு மண்ணில் மழைத் தண்ணீர் அறுத்துக் கொண்டு ஓடிய பள்ளங்கள், ஆள் இறங்கினால் தலை மறையும் அளவுக்குக் கிடந்தன.

ஏன் இப்படி ஆயிற்று? பருத்தி மண்ணில் இருந்து சத்தை உறிஞ்சிக் கொள்ளும் பயிர். ஒரு வருடம் போட்டால் பரவாயில்லை. பாட்டன் காலத்தில் இருந்து ஒரே நிலத்தில் வருடா வருடம் அதையே போட்டால்? நீங்கள் தினமும் உண்டியலில் இருந்து காசு எடுத்துக் கொண்டே இருந்து, ஒருநாள்கூடத் திருப்பிப் போடாவிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் அந்த மண்ணுக்கும் ஆயிற்று. அறுவடை முடிந்த பிறகு நிலம் மொட்டையாகக் கிடக்கும். மழை வந்து மேல்மண்ணை அள்ளிக் கொண்டு போகும். அந்த மேல் நாலு விரற்கடை மண்ணில்தானே சத்தெல்லாம் இருக்கிறது!

விவசாயிகளுக்கு இது தெரியாதா என்றால், தெரிந்தவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடிமைத்தளை அறுந்ததே தவிர, கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடையாது. வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விளைச்சலில் பாதியை நிலத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டும். விதை, உப்பு, மாவு எல்லாம் கடைக்காரரிடம் கடன். கடைக்காரரும் நிலத்துக்காரரும் பருத்தி போட்டால்தான் கடன் தருவார்கள். ஏனென்றால், அதைத்தான் உடனே காசாக்க முடியும். மண் மெலிய மெலிய விளைச்சல் குறையும். விளைச்சல் குறையக் குறையக் கடன் ஏறும். கடன் ஏறினால் இன்னும் கொஞ்சம் பருத்தி! கடையில் விற்கும் உரத்தை வாங்கிப் போடச் சொன்னால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

கார்வருக்கு இது புரிந்தது. காசு செலவாகாத வைத்தியம் ஒன்று வேண்டும்.

காராமணி செய்த மாயம்

ஆய்வுக்கூடம் என்று டஸ்கேகீயில் ஒன்றும் இல்லை. கார்வர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பை மேடுகளுக்குப் போனார். உடைந்த புட்டிகள், பழைய பாத்திரங்கள், ஜாடி மூடிகள், கம்பித் துண்டுகள், எது கிடைத்தாலும் பொறுக்கி வந்து கழுவித் துடைத்தார். பழைய விளக்குதான் அடுப்பு. கடையில் வாங்கியது மாதிரி இருந்த ஒரே சாமான், அயோவாவில் இருந்து கொண்டு வந்த மைக்ராஸ்கோப்.

சோதனை செய்ய அவருக்குக் கிடைத்த நிலமோ, யாருக்கும் வேண்டாத நிலம். பள்ளமும் மேடுமாக, பன்றிகள்கூட மேயாத இடம். அதுதான் நல்லது என்று கார்வர் நினைத்திருக்க வேண்டும். நல்ல மண்ணில் நன்றாக விளைய வைத்துக் காட்டினால் ஏழை விவசாயி நம்புவானா?

மாணவர்கள் பள்ளங்களில் மரக்கிளைகளையும் குப்பைகளையும் போட்டு நிரப்பினார்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டார்கள். காட்டில் உதிர்ந்து மக்கிய இலைகளையும், சதுப்பு நிலத்தில் கிடந்த கறுப்புச் சேற்றையும் கூடை கூடையாகக் கொண்டு வந்து கொட்டினார்கள். வீட்டுக் குப்பை, சாணம், இலை எல்லாம் சேர்த்து மக்கவைத்து எருவாக்கினார்கள். விவசாயம் படிக்க வந்தோம், குப்பை சுமக்கிறோமே என்று முதலில் மாணவர்களுக்கு முகம் சுளித்தது.

அடுத்து கார்வர் விதைக்கச் சொன்னது பருத்தியை அல்ல, காராமணியை! தட்டைப்பயறு என்று சொல்வோமே, அதேதான். எதற்கு?

செடிகள் வளர நைட்ரஜன் வேண்டும். நாம் மூச்சு விடும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால், பருத்தியால் அதைக் காற்றில் இருந்து எடுத்துக் கொள்ள முடியாது. கடல் நடுவில் இருப்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாத கதைதான். பயறு வகைச் செடிகள் மட்டும் ஒரு தந்திரம் செய்கின்றன. அவற்றின் வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். அதற்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கும். செடி அவற்றுக்குச் சர்க்கரைச் சத்தைக் கொடுக்கும். அவை காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். காயைப் பறித்துக் கொண்டு செடியை மடக்கி உழுதுவிட்டால் அந்தச் சத்து மண்ணுக்குப் போய்ச் சேரும். கிராமத்தில் இருப்பவர்கள் ஒரு காராமணிச் செடியையோ வேர்க்கடலைச் செடியையோ மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணி மணியாகத் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அப்படி இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வருடம் பயறு, ஒரு வருடம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பிறகு பருத்தி. இப்படியே மாற்றி மாற்றிப் பயிர் செய்தார்கள். சர்க்கரைவள்ளி மண்ணுக்கு நைட்ரஜன் தராது. ஆனால் மெலிந்த மண்ணிலும் விளைந்து பசியாற்றும். சில ஆண்டுகள் பொறுமையாக இருந்த பிறகு, 1905 வாக்கில் அந்த வேண்டாத நிலத்தில் ஒரு ஏக்கரில் 500 பவுண்டு எடையுள்ள ஒரு பொதி பருத்தி விளைந்தது. சுற்று வட்டாரத்து விவசாயிகள் அதில் பாதிகூடப் பார்த்ததில்லை. கடை உரம் ஒரு மூட்டைகூட வாங்காமல், ஏழை விவசாயியின் கைக்கு எட்டும் பொருட்களை வைத்தே இதைச் செய்ய முடியும் என்று எழுதினார் கார்வர். மெலிந்த மண்ணைத் தேற்றுவது எப்படி என்று விளக்கும் அந்தச் சிறு நூல் 1905ல் வெளிவந்தது.

வீடு தேடி வந்த பள்ளிக்கூடம்

எழுதினால் போதுமா? படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மாதம் ஒருமுறை விவசாயிகளை டஸ்கேகீக்கு வரவழைத்து, வயலைச் சுற்றிக் காட்டினார் கார்வர். வர முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கட்டிக்கொண்டு கிராமத்து தேவாலயங்களுக்குப் போனார். பிரார்த்தனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் மண்ணைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசுவார்.

இதில் இருந்துதான் 1906ல் ஒரு புதிய யோசனை பிறந்தது. பள்ளிக்கூடத்தையே வண்டியில் ஏற்றினால் என்ன? நியூயார்க் பணக்காரர் மோரிஸ் ஜெசப் கொடுத்த பணத்தில் ஒரு வண்டி தயாரானது. மோட்டார் வண்டி அல்ல. மிருகங்கள் இழுக்கும் வண்டி. ஆழமாக உழும் கலப்பை, வெண்ணெய் கடையும் கருவி, நல்ல விதைகள், எரு மாதிரிகள் எல்லாம் அதில் இருந்தன. ஜெசப் வண்டி என்றே அதற்குப் பெயர். மாணவராக இருந்த தாமஸ் கேம்ப்பெல் அதை ஊர் ஊராக ஓட்டிப் போனார். ஒரு விவசாயியின் வயலில் நிறுத்தி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, அங்கேயே உழுது விதைத்துக் காட்டினார்கள். பெண்களுக்குக் காய்கறிகளைப் பதப்படுத்திச் சேமிக்கக் கற்றுக் கொடுத்தார்கள்.

கார்வரின் சிறு நூல்கள் மொத்தம் 44. முதல் நூல் 1898ல் வந்தது. காட்டில் இலவசமாக உதிரும் கருவாலி மரக் கொட்டைகளைப் பன்றிக்கும் மாட்டுக்கும் தீனியாகப் போடலாம் என்பதைப் பற்றி! இன்னொன்று, அலபாமாவின் வண்ண வண்ணக் களிமண்ணைக் குழைத்துக் குடிசைகளுக்கும் தேவாலயங்களுக்கும் எப்படிச் சாயம் பூசலாம் என்று சொன்னது. ஓவியர் அல்லவா! ஒவ்வொரு நூலிலும் விவசாயிக்கு ஒரு பகுதி, வீட்டுப் பெண்களுக்குச் சமையல் குறிப்பு ஒரு பகுதி, ஆசிரியர்களுக்கு ஒரு பகுதி என்று எல்லாரையும் நினைத்து எழுதினார்.

எல்லாரும் உடனே மாறிவிடவில்லை. பருத்தியை விட்டால் கடன் கிடைக்காதே என்ற பயம் அப்படியே இருந்தது. வாரத்துக்குப் பயிர் செய்பவன், அடுத்த வருடம் இதே நிலம் தனக்குக் கிடைக்குமா என்றே தெரியாதவன், எதற்காக அதன் மண்ணைத் தேற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கார்வரிடமும் முழுப் பதில் இல்லை. காய்கறித் தோட்டம் போடு, கோழி வளர், கடைக்கடனைக் குறை, மெல்ல மெல்லச் சொந்த நிலம் வாங்கு என்பதுதான் அவர் சொன்ன வழி.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தது ஒரு பூச்சி. மூக்கு நீண்ட சின்னக் கூன்வண்டு. பருத்தி மொட்டையும் காயையும் துளைத்து உள்ளே முட்டையிடும். மெக்சிகோவில் இருந்து 1892ல் டெக்சாசுக்குள் நுழைந்து, வருடத்துக்கு வருடம் கிழக்கே நகர்ந்து, 1910 வாக்கில் அலபாமாவைத் தொட்டது. வயல் வயலாகப் பருத்தி அழிந்தது. இனி வேறு பயிருக்கு மாறினால்தான் பிழைக்கலாம் என்று ஆனதும் விவசாயிகள் வேர்க்கடலை பக்கம் திரும்பினார்கள். இது கார்வர் ஒருவரால் மட்டும் நடந்ததல்ல. ஆனால், அவர் பல வருடங்களாகச் சொல்லி வந்தது அப்போது காதில் ஏறியது. அலபாமாவில் என்டர்பிரைஸ் என்ற ஊரில், வேர்க்கடலைக்கு மாறிப் பணம் சம்பாதித்த மக்கள் 1919ல் அந்தப் பூச்சிக்கே நினைவுச் சின்னம் வைத்தார்கள் என்றால் பாருங்களேன்!

வேர்க்கடலையும் பயறு இனம்தான், மண்ணுக்கு நல்லது, ஏழைகளின் தட்டில் இறைச்சி இல்லாத குறையையும் கொஞ்சம் தீர்க்கும். ஆனால், எல்லாரும் அதையே பயிரிட்டால் யார் வாங்குவார்கள்? விலை விழுந்துவிடுமே! அதனால்தான் கார்வர் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்து கொண்டு வேர்க்கடலையில் பால், மாவு, எண்ணெய், சோப்பு, சாயம் என்று செய்து பார்த்தார். 1916ல் வேர்க்கடலை பயிரிடும் விதத்தையும், அதைச் சமைக்கும் 105 விதங்களையும் ஒரே நூலில் எழுதினார்.

ஒரு விஷயத்தை மட்டும் திருத்திக் கொள்ளுங்கள், குட்டீஸ். வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தவறு. அவருக்கு முன்பே வேறு சிலர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். கார்வர் செய்த 300 பொருட்களில் பெரும்பாலானவை வீட்டில் செய்து கொள்ளும் பண்டங்கள்தான். கடைக்கு வந்தவை மிகக் குறைவு. அவர் வாங்கிய காப்புரிமைகள் மொத்தமே மூன்று. அவருடைய பெருமை அதில் இல்லை என்பது என் கட்சி.

பத்து நிமிடப் பேச்சு

ஆனால் நாடு முழுவதும் பெயர் வாங்கிக் கொடுத்தது வேர்க்கடலைதான். 1920ல் வேர்க்கடலை உற்பத்தியாளர்கள் மாண்ட்கோமரி நகரத்து ஓட்டலில் நடத்திய மாநாட்டில் பேச அவரை அழைத்தார்கள். மாதிரிப் புட்டிகள் நிரம்பிய கனத்த பெட்டிகளோடு போனவரைக் கறுப்பர் என்பதால் முன்வாசல் வழியாக உள்ளே விடவில்லை. பேச வந்த விருந்தாளிக்கே இந்த மரியாதை! பின்பக்கமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

அடுத்த ஆண்டு, 1921 ஜனவரி. வெளிநாட்டு மலிவு வேர்க்கடலைக்கு வரி போட வேண்டும் என்று கேட்பதற்காக அதே உற்பத்தியாளர்கள் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். நாடாளுமன்றக் குழு முன்னால் பேச அவருக்குக் கொடுத்த நேரம் பத்தே நிமிடம். பழைய கோட்டு, கோட்டில் ஒரு பூ, கீச்சுக் குரல். உறுப்பினர்களில் சிலர் கேலி செய்தார்கள். அவர் கோபப்படாமல் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்க ஆரம்பித்தார். பத்து நிமிடம் முடிந்தது. இன்னும் பேசுங்கள் என்றார்கள். மறுபடி நேரம் கொடுத்தார்கள். கடைசியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று விட்டுவிட்டார்கள். முடித்ததும் கைதட்டல்! இறக்குமதி வேர்க்கடலைக்கு வரியும் வந்தது.

அவர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் என்று நினைத்து விடாதீர்கள். நிர்வாகம் அவருக்குச் சுத்தமாக வராது. டஸ்கேகீ கோழிப் பண்ணையை அவர் பொறுப்பில் விட்டபோது கோழிகள் வரிசையாகச் செத்தன, கணக்கு உதைத்தது. புக்கர் டி. வாஷிங்டனிடம் நன்றாகத் திட்டு வாங்கினார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எத்தனையோ முறை எழுதிக் கொடுத்தார். ஆனால் போகவில்லை. 1915ல் வாஷிங்டன் இறந்தபோது, அவரோடு சண்டை போட்டோமே என்று கார்வர் மனம் உடைந்து போனார்.

கல்யாணம் செய்து கொள்ளவில்லை. விடுதி அறையிலேயே வாழ்ந்தார். விடியற்காலையில் காட்டுக்குள் நடந்து செடி, கல், பூஞ்சை என்று எதையாவது பையில் போட்டு வருவார். சம்பளத்தை உயர்த்திக் கேட்டதே இல்லை. காந்திஜிக்கும் அவருக்கும் கடிதத் தொடர்பு உண்டு தெரியுமா? காந்திஜியின் நண்பர் சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1929ல் டஸ்கேகீக்குப் போயிருந்தார். அந்தப் பழக்கத்தில் காந்திஜிக்கு, இறைச்சி இல்லாமல் சத்தாகச் சாப்பிடுவது பற்றிக் குறிப்புகள் எழுதி அனுப்பினார் கார்வர்.

1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் பெரும் புழுதிப் புயல்கள் எழுந்தன. உழுது மொட்டையாக்கிய நிலங்களின் மேல்மண் காற்றோடு பறந்து, பகலே இருட்டாயிற்று. அதன் பிறகுதான் 1935ல் மண் வளத்தைக் காக்க அமெரிக்க அரசு சட்டமே போட்டது. அதற்கடுத்த ஆண்டு, எழுபது வயதைத் தாண்டிய கார்வர் மீண்டும் ஒருமுறை மண்ணைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். நிலத்தின் கன்னி வளத்தை மீட்டு, அப்படியே காப்பது எப்படி என்று! மக்கிய இலை, பயறு, குப்பை எரு... 30 ஆண்டுகளுக்கு முன் சொன்ன அதே மருந்துகள்தான்.

சேர்த்து வைத்த பணத்தை எல்லாம் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டு, 1943 ஜனவரி 5ல் டஸ்கேகீயில் காலமானார். புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், டைமண்ட் ஊரில் அவர் பிறந்த பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடம் ஆக்கியது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்த நாடு அமைத்த முதல் தேசிய நினைவிடம் அதுதான். நோஞ்சான் பையன் ஒருவன் வாடிய செடிகளை ஒளித்து வைத்து வளர்த்த காட்டு வழியில் இன்று பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள்.